கடைசிக் கை

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கால் சுற்றுத் திருகினால் நின்றுவிடும். மிதுனா திருகவில்லை. அடியில் ஒரு வாளியை இழுத்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "கையில்லை" என்றாள். சுவரிலிருந்த பச்சைப் புள்ளி ஒருமுறை மின்னி அணைந்தது. அவள் அந்தக் குழாயைத் தொடவில்லை என்பது பதிவாகிவிட்டது. இனி குழாய் பிய்த்துக்கொண்டு வீடே மிதந்தாலும் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. பழுதுநீக்கி இயந்திரம் வியாழக்கிழமை வரும். அதுவரை வாளி நிறைவதும் அதைக் கொட்டுவதுமாகப் பொழுது போகும்.

சிங்காநல்லூரில் அந்தத் தெரு முழுக்க இப்படித்தான் விடிந்தது. எதிர்வீட்டுத் தாழ்ப்பாள் மூன்று வாரமாகத் தொங்குகிறது. வீட்டுக்காரர் தினமும் அதன் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "கையில்லை" சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறார். டீக்கடை இயந்திரம் சர்க்கரையைக் கலக்காமல் கொடுத்தால் அப்படியே குடித்துவிடுகிறார்கள். டம்ளரில் சுவடு பதியாது என்று அரசாங்கமே பத்துத் தடவை அறிவித்துவிட்டது. யார் நம்பினார்கள்? கடைசி மடக்கில் தித்தித்தால் போதும் என்று ஊர் சமாதானமாகிவிட்டது.

"தீரா, வாயத் தொற."

தம்பி தீரன் வாயைத் திறந்தான். அவனுக்கு நாற்பத்தோரு வயது. முழங்கைவரை சாம்பல் நிறக் கட்டுறைகள் இரண்டு. விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரே பைக்குள் சேர்த்துப் பூட்டிவிடும் சாதனம் அது. மணிக்கட்டருகே காற்றுக்காக ஒரு துளை, பென்சில் நுழையும் அளவுக்கு. ஒன்பது வருடமாக அவனுக்குச் சோறூட்டுவது, முகம் கழுவிவிடுவது, சட்டை மாட்டிவிடுவது எல்லாம் அக்காதான். ஊட்டும்போது அவள் சும்மா ஊட்டுவதில்லை. இரண்டு வாய்க்கு ஒருமுறை ஏதாவது ஒரு சொல் வந்து விழும். இன்று நல்ல நாள் என்பதால் கொஞ்சம் இதமாக விழுந்தது.

"இன்னிக்கு ஒரு நாளு. நாளைக்கு இருந்து நீயே தின்னு. எனக்கும் விடுதலை."

"புது சீல் பொட்டியில காயிதம் ஒண்ணு இருக்குமுக்கா" என்றான் தீரன், இட்லியை விழுங்கிக்கொண்டே. "ஒருக்கா படிச்சுப் பாரு."

"நீ எனக்குச் சொல்லித் தர்றயாக்கும்? வேலைய ஒழுங்காப் பண்ணியிருந்தா இந்நேரம் உன்ற கையால தின்னுட்டு இருந்திருப்ப."

தீரன் அடுத்த வாயையும் வாங்கிக்கொண்டான். தண்ணீர் கேட்டான்.

கடைசிக் கைச் சட்டம் வந்து இருபது வருடம் இருக்கும். வண்டி ஓட்டுவது, ஆலை நடத்துவது, வைத்தியம் பார்ப்பது என எல்லாமே செயற்கை அறிவிகளிடம் போன பிறகு, அறிவிகள் தவறு செய்யமாட்டா என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 'பிழையிலி' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்திரை. எழுதி வைத்தார்களே தவிர, விபத்துகள் நின்றபாடில்லை. பழியை யார் தலையிலாவது கட்டவேண்டுமே. அந்தப் பொருளைக் கடைசியாகத் திறந்த மனிதக் கை எது என்று பார்த்தார்கள். இயந்திரத்தின் ஒவ்வொரு மூட்டிலும் போல்ட்டிலும் தோலைப் படித்து வைக்கும் மெல்லிய பூச்சு வந்தது. அதற்குக் கைச்சுவடு என்று பெயர். கையே படாத பொருளால் ஒருவர் செத்தால் அது இடி விழுந்த மாதிரி, யாரும் பொறுப்பில்லை. கை பட்டிருந்தால் அந்தக் கைக்குக் கட்டுறை. வேறொரு கை அதே மூட்டைத் திறந்து பழைய சுவட்டை அழித்துத் தன் சுவட்டை ஏற்றும்வரைக்கும் கழற்றமாட்டார்கள்.

பெட்ரோல் கார் வைத்திருக்கும் நாலு பணக்காரர்களுக்காக 'கையர்' என்று சிலருக்கு மட்டும் உரிமம் கொடுத்தார்கள். கையர் வெறுங்கையால்தான் வேலை செய்யவேண்டும், சுவடு பதியவேண்டும் அல்லவா. தீரன் அப்படியொரு கையர். அப்போது மிதுனாவுக்கு உரிமம் கிடையாது. தன் கைக்குழந்தை கவினைத் தூளியில் போட்டுவிட்டு, தம்பிக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள், உதிரிப்பொருளைப் பிரித்துத் துடைத்துத் தருவாள். பதிவில் அவள் இல்லவே இல்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டே இருக்கை, 2009ஆம் வருடத்துத் தயாரிப்பு, அப்போதே அரும்பொருள். கிளட்ச் தேய்ந்திருந்தது. கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போதே எஞ்சின் எண்ணெய் கசியாமல் தடுக்கும் பின்பக்க வளையமான ஆயில் சீலையும் மாற்றிவிடுவது தொழில் வழக்கம். தீரன் இரண்டையும் மாற்றிக் கொடுத்தான். மூன்றாவது வாரம் குன்னூர் ஏற்றத்தில் அந்த சீல் கசிந்து, எண்ணெய் கிளட்ச் தட்டில் இறங்கி, தட்டு வழுக்கி, எஞ்சின் உறுமியும் கார் நகராமல் வளைவில் நின்றது. பின்னால் வந்த தானோட்டி லாரி நிற்கவில்லை. காரின் சொந்தக்காரர் அங்கேயே இறந்துபோனார்.

லாரி ஏன் நிற்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. லாரிக்குள் எந்தக் கையும் போனதில்லை. காருக்குள் ஒரு கை போயிருந்தது.

அன்றிலிருந்து மிதுனாவுக்குத் தம்பிமேல் தீராத ஆத்திரம். அவசரக்காரன், ஒரு சீலை நேராக அடிக்கத் தெரியாமல் ஓர் உயிரை வாங்கிவிட்டான், குடும்பத்துக்குக் கெட்ட பெயர். இரண்டாவது வருடத்தில் ஒரு நாள் அவனுக்கு மணிக்கட்டில் பொறுக்க முடியாத அரிப்பு. துளைக்குள் ஒரு குச்சியை விட்டுச் சொறிந்துவிடச் சொன்னான். "அவசரப்பட்ட கைக்கு இது வேணும்" என்று சொல்லிவிட்டு அவள் மாவாட்டப் போய்விட்டாள். அதையெல்லாம் தாண்டி, அவனை விடுவிக்கவென்றே படித்துக் கையர் உரிமமும் வாங்கினாள். திட்டிக்கொண்டே செய்யும் பாசம் அவளுடையது. அந்தக் கார் வழக்குச் சான்றாக ஒன்பது வருடம் கொட்டடியில் கிடந்தது. போன மாதம்தான், நசுங்கிய பின்பக்கத்தை இயந்திரங்கள் நிமிர்த்திய பிறகு, செத்தவரின் மகனிடம் கொடுத்தார்கள். மகளுக்குக் கல்யாணமாம், ஊர்வலத்துக்கு அந்தக் கார் ஓடவேண்டுமாம். அப்பன் செத்த வண்டியில் மகளை ஏற்றும் அளவுக்கு மனிதருக்கு மனசு மரத்துவிட்டதே என்று மிதுனா நினைத்தாள். நினைத்துக்கொண்டே ஒப்பந்தத்தில் கைநாட்டும் வைத்தாள்.

கையர்கள் வேலை பார்க்கும் கைக்கூடம் அவிநாசி சாலையில் இருந்தது. பதிவாளர் அனன்யா முன்பே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும், நன்றாக இஸ்திரி போட்ட சீருடை. பழைய சுவடு போய்ப் புதுச் சுவடு ஏறும் 'கைமாற்று' நடக்கும்போது பழைய கையும் எதிரில் இருக்கவேண்டும் என்பது விதி. தீரனை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள்.

"விதிய ஒருக்கா சொல்லிடறனுங்க" என்றாள் அனன்யா. "வேலை முடிஞ்சதும் மருதமலை ஏத்தத்துல அஞ்சு தடவ ஓட்டிப் பாப்போம். சொட்டு எண்ணெ விழலைன்னா இவரு கட்டுறைய இன்னிக்கே கழட்டிடலாமுங்க. விழுந்துச்சுன்னா இவருக்கும் கழட்ட முடியாது, உங்களுக்கும் போடோணும். ஒரு வருசம் வரைக்கும் கசிஞ்சாலும் அதே கணக்குத்தானுங்க."

"தெரியுமுங்க" என்றாள் மிதுனா.

காரைத் தூக்கியில் ஏற்றினாள். கியர்பாக்ஸை இறக்கவே இரண்டு மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றும்போதும் அனன்யாவின் பலகையில் 'தீரன்' என்ற பெயர் மறைந்து 'மிதுனா' என்று வந்தது. கிளட்சை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைக் கழற்றியதும் கிளட்ச் தட்டு கையோடு வந்தது. எண்ணெயில் ஊறிக் காய்ந்து கறுத்திருந்தது. மிதுனா அதைத் தம்பி பக்கம் தூக்கிக் காட்டினாள்.

"பாத்துக்க. உன்ற லட்சணம்."

தீரன் தட்டைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். "காயிதத்தப் படிச்சயாக்கா?"

"அடங்கப்பா! காலைல இருந்து இதே பாட்டு."

பிளைவீல் சக்கரத்தையும் கழற்றியபின் சீல் தெரிந்தது. வட்டமாக, உள்விளிம்பில் தண்டைக் கவ்வும் வெள்ளை உதடு. பழைய ரப்பர் சீல் அல்ல, புது மாதிரி. அதில் சிறு திருகை இறக்கிப் பிடுங்கி எடுத்தாள். உதடு எங்கும் கிழியவில்லை. நேராகத்தான் அடித்திருக்கிறான், மயிரிழை சாய்வில்லை. அப்புறம் ஏன் கசிந்தது என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு, எப்படியோ கசிந்தது, கசிந்ததுதானே என்று சீல் உட்காரும் கிராங்க் தண்டைத் துணியால் துடைத்தாள். புது சீலின் பெட்டியைப் பிரித்தாள். மடித்த காகிதம் ஒன்று கீழே விழுந்தது. அதை அப்படியே விட்டுவிட்டாள்.

சீலை இடது உள்ளங்கையில் வைத்தாள். வலது கை தானாகவே எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போனது. ஆள்காட்டி விரலைத் தோய்த்து, உதட்டைச் சுற்றி ஒரு சுற்றுத் தடவுவது. எத்தனை நூறு சீல்களுக்குச் செய்திருப்பாள்! உலர்ந்த உதட்டைச் சுழலும் இரும்பில் ஏற்றினால் கருகிவிடும் என்பது ரப்பர் காலத்துப் பாடம். அதைச் செய்யாமல் ஒரு சீலைக் கொடுப்பதைப் பிள்ளைக்குத் தலை துவட்டாமல் விடுவதைப்போல நினைப்பவள் அவள்.

"எண்ணெ வெக்காத!"

கூடமே அதிரும்படி கத்தினான் தீரன். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்திருந்தது. விரல் உதட்டைத் தொடாமல் நின்றது. ஒரு சொட்டு எண்ணெய் தரையில் விழுந்தது.

"என்னாச்சுங்க?" அனன்யா எழுந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றான் தீரன், குரலை இறக்கி. "இந்த மாதிரி சீலைக் காஞ்சபடியேதான் போடோணுமுங்க. காயிதத்துல இருக்குதுங்க."

மிதுனா குனிந்து காகிதத்தை எடுத்தாள். நான்கே வரி. உதட்டில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. உலர்ந்த நிலையில் மட்டும் பொருத்தவும். எண்ணெய் பட்டால் உதடு இரும்பில் படியாது, விரைவில் கசியும். பொருத்திய பின் நான்கு மணி நேரம் எஞ்சினை இயக்கவேண்டாம்.

இரண்டாவது முறையும் படித்தாள். மூன்றாவது முறை எழுத்து தெரியவில்லை. விரலில் எண்ணெய் மினுங்கியது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் தூளி ஆடிக்கொண்டிருந்தது, தம்பி காருக்கடியிலிருந்து கையை நீட்டினான், அவள் இதே விரலால் ஒரு சுற்றுச் சுற்றி அந்தக் கையில் சீலை வைத்தாள். பொருத்துவதற்கு முன் பட்ட விரலைக் கைச்சுவடு எப்படிப் படிக்கும்?

அவள் விரலைத் துடைத்தாள். சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி துடைத்து, சீலை உலர்ந்தபடியே கிராங்கில் ஏற்றி, சுற்றிலும் சமமாகத் தட்டி உட்காரவைத்தாள்.

நான்கு மணி நேரம் காத்திருக்கவேண்டும் என்றதும் அனன்யா சாப்பிடக் கிளம்பினாள். அவள் வண்டி வாசலைத் தாண்டியதும் மிதுனா பிளைவீல் போல்ட்டை முறுக்கியபடியே, திரும்பாமல் கேட்டாள்.

"எப்ப இருந்துடா தெரியும்?"

"விபத்தாச்சுன்னு போன் வந்த அன்னிக்கே. போலீசு வர்றதுக்கு முன்னாடி குப்பைக்கூடையக் கொட்டிப் பாத்தேன். பொட்டி கெடந்துச்சு. காயிதம் மடிச்ச மடிப்புல அப்படியே இருந்துச்சு."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"யார்கிட்ட? கோர்ட்டுலயா? உரிமம் இல்லாத கைய வேலைக்கு வெச்சேன்னு ரெண்டு பேருக்கும் பூட்டியிருப்பாங்க. கவினுக்கு அப்ப ஆறு மாசம். நாம ரெண்டு பேரும் கையப் பூட்டிட்டு உக்காந்தா அவன யாருக்கா தூக்கறது?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லடா!" ஸ்பேனரைத் தரையில் வீசினாள். "ஒன்பது வருசம்! ஒரு வாய்க்கு ஒரு பேச்சுன்னு பேசியிருக்கறேன் உன்னைய! வாய மூடிட்டுத் தின்னுட்டு உக்காந்திருந்தயே!"

"சொன்னா அடுத்த நிமிசம் நீ ஸ்டேசனுக்குப் போயிருப்ப. உன்னத் தெரியாதா எனக்கு?" கட்டுறையால் ஸ்டூலை நிமிர்த்தப் பார்த்தான். முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தான். "அதுவுமில்லாம, போட்டது நாந்தானே. வாங்குன பொருளப் பாத்துப் போட்டிருக்கோணும். பாக்கல."

"கோவமே வரலையா உனக்கு?"

தீரன் கட்டுறைகளை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டான். "வந்துச்சு. மணிக்கட்டு அரிச்ச அன்னிக்கு வந்துச்சு. நீ மாவாட்டப் போயிட்ட. உன்ற விரலுதாண்டின்னு கத்தலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. உள்ள கவின் சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. செவுத்துல தேச்சுக்கிட்டேன்."

மிதுனாவுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீசிய ஸ்பேனரைத் தேடி எடுத்து மீதி போல்ட்டுகளை முறுக்கினாள். புதுக் கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட்டை மாட்டி, கியர்பாக்ஸை ஏற்றினாள். அன்று அவள் செய்ததைப்போல ஒரு வேலையை அந்தக் காருக்கு யாரும் செய்திருக்கமாட்டார்கள். என்ன புண்ணியம்.

சாயங்காலம் மருதமலை ஏற்றத்தில் கார் ஐந்து முறை ஏறி இறங்கியது. கிளட்ச் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அனன்யா அடியில் வெள்ளைத் தாளை விரித்துப் பார்த்தாள். ஐந்து தாளும் வெள்ளையாகவே இருந்தன.

"வாழ்த்துகளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் தீரனின் முழங்கையில் சாவியை வைத்தாள். கட்டுறைகள் இரண்டும் கழன்று விழுந்தன. உள்ளே இருந்தவை கைகள்தாம். வெளுத்து, சூம்பி, விரல்கள் பாதி மடங்கிய வாக்கில் நின்றிருந்தன. வலது மணிக்கட்டில் தோல் தடித்துக் கறுத்திருந்தது.

மிதுனா பதிவாளரின் முன்னால் போய் நின்றாள். "ஒன்பது வருசத்துக்கு முன்னாடி அந்த சீலுல எண்ணெ வெச்சது நானுங்க. இவன் இல்லீங்க. எழுதிக்கங்க."

அனன்யா பலகையை அணைக்கப்போனவள் நிறுத்தி அவளைப் பார்த்தாள். கெட்ட மனுஷி இல்லை அவள்.

"எதுக்கு மேலீங்க எழுதறது? பழைய சுவடு இன்னிக்கு அழிஞ்சுபோச்சு. வழக்கும் அதோட முடிஞ்சுதுங்க. பதிவுல இல்லாத கை, கையே இல்லீங்க. சந்தோசமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அப்ப இவன் ஒன்பது வருசம் இருந்தது?"

"அதுதான் முடிஞ்சுதுங்களே" என்றாள் அனன்யா. வெள்ளைத் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியேறினாள்.

அடிவாரத்து இயந்திரத்தில் மிதுனா இரண்டு டீ வாங்கிவந்தாள். ஒரு டம்ளரைத் தம்பியிடம் நீட்டினாள். தீரன் கைகளைத் தூக்கினான். விரல்கள் டம்ளரின் விளிம்புக்கு ஒரு அங்குலம் முன்னால் நின்றுவிட்டன. அவன் முகத்தில் வேர்த்தது.

"இதத் தொட்டா பதியுமாக்கா?"

"பதியாது சாமி. வெறும் டம்ளரு. புடி."

"கீழ விழுந்து ஆரு கால்லயாவது பட்டுட்டா?"

"ஒண்ணும் ஆகாது. புடி கண்ணு."

அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு கைகளையும் மெல்லப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டான். தெருவில் எல்லோரும் நிற்பதைப்போல நின்றான். "கையில்லை" என்றான் சத்தம் வராமல், யாரிடமோ.

மிதுனா டீயை ஆற்றினாள். வாயைத் திற என்று சொல்ல அவளால் முடியவில்லை. சொல்லாமலேயே அவன் திறந்தான்.